ஐஸ் பெட்டியில் மறுபிள்ளை

ஜூன் 10, செவ்வாய்

விடியற்காலை முதல் மழை. ஹர்த்தால். நெய்யாற்றின்கரை முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடக்கிறதாம். எந்தக் கட்சி, எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

பெண் குழந்தை. காலையில் பிறந்தது. பிறந்தது என்று எழுதலாமா? துடிப்பு இல்லை என்று நேற்று ஸ்கேனிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் கடைசி நிமிஷம் வரை காதைத் தீட்டிக்கொண்டுதான் கிடந்தேன். ஸ்கேனுக்குத் தப்பு வரக்கூடாதா என்ன. லேபர் ரூமில் எல்லாரும் மெதுவாகப் பேசினார்கள். அதில் தெரிந்துவிட்டது.

ஒரு தடவை காட்டினார்கள். தலை நிறைய முடி. சஜினின் மூக்கு. இதற்கு மேல் எழுதமாட்டேன்.

போன தடவை ஏழாம் மாதம். இந்தத் தடவை எட்டு முடிந்து. போன தடவை மறுபிள்ளையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நஞ்சுக்கொடி வந்தாச்சா, வந்தாச்சு, வாளியோடு போயாச்சு. இந்த டாக்டரம்மா அப்படி விடவில்லை. கையுறை போட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் தலைமாட்டில் வந்து நின்றார்.

"லிசி, ரெண்டும் ஒரே மாதிரி போயிருக்கு. குழந்தை மேல ஒரு குறையும் தெரியல்ல. எட்டு மாசமா அதுக்குச் சாப்பாடும் மூச்சும் குடுத்தது இந்த மறுபிள்ளைதான். இதச் சோதிச்சா காரணம் கிடைக்கலாம். ரத்தம் கட்டினதா, கிருமியா, உன் உடம்பே இத எதிர்த்ததா. தெரிஞ்சா அடுத்ததுக்கு மருந்து உண்டு." (அவர் பேசுவது மலையாளம். எனக்குள் இறங்கும்போது தமிழாகிவிடுகிறது.)

அடுத்தது! அந்த ஒரு வார்த்தைக்கு அவரை அறையலாம் போல இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கலாம் போலவும் இருந்தது.

சோதனை இங்கே கிடையாது, திருவனந்தபுரம் லேபில். மருந்தில் போடாமல் பச்சையாக, குளிர்ச்சியாகப் போகவேண்டும். லேப் வண்டி ஹர்த்தாலுக்கு வராது. நர்ஸ் மூடி போட்ட டப்பாவோடு வந்து நின்றாள். "ஆரா கொண்டுபோவுன்னது? தணுப்பு விடாதெ கொண்டுபோணம் கேட்டோ." தணுப்பு என்றால் குளிர்ச்சி.

சஜின் என் முகத்தைப் பார்த்தான். கட்டினவன். அவனுக்குக் குழந்தையை அடக்கம் பண்ணப் போகவேண்டும். சபையில் பேசியாகிவிட்டது. எது முதலில் என்று நான் சொல்லவேண்டுமாம்.

மாமாதான் முன்னால் வந்தார், சஜினின் அப்பா. காஞ்சிரங்குளம் சந்தையில் மீன் வியாபாரம், சொந்தமாகக் கூட்ஸ் ஆட்டோ. "இஞ்ச தா மக்கா. நான் கொண்டுபோறேன். நாப்பது வருசமா மீனுக்கு ஐஸ் போடுகவனாக்கும். தணுப்பு விடாம கொண்டு குடுக்கியது எனக்க சோலி."

"மாமா, குழந்தைக்க அடக்கம்..."

"அதுக்கு அப்பன் உண்டு. இதுக்கு ஆரு உண்டு?"

வண்டி முன்னால் ஒட்ட 'ஆஸ்பத்திரி, அவசரம்' என்று மலையாளத்தில் நானே எழுதிக் கொடுத்தேன். கட்டிலில் கிடந்தபடி. எழுத்து அழகாக வந்தது. பெரிய டீச்சர் அல்லவா.


ஜூன் 11, புதன்

மழை விட்டு விட்டு. ஆஸ்பத்திரியில் கஞ்சி, பயறு, பப்படம். பப்படத்தை மட்டும் தின்றேன்.

மாமா மதியம் வந்தார். நேற்று போட்ட சட்டை. கண் சிவந்து. லேபும் ஹர்த்தாலுக்குப் பூட்டியிருந்ததாம். திரும்பி வரவில்லை மனுஷன். கேட்டுக்கு முன்னால் ஆட்டோவிலேயே இருந்து, காலையில் திறந்ததும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"போற வழியில ஐஸ் பிளாண்டுகாரன தட்டி எழுப்பி, பெட்டி நிறைய பொடி ஐஸ், ஒரு சாக்கு வேற. கல்லுப்பும் தூவினேன் மக்களே. உப்பு போட்டாத்தான் ஐஸ் பிடிச்சு நிக்கும். காலம்பற திறந்து பாத்தா கல்லு கணக்கா இருந்து. ஒரு துளி வெள்ளம் இறங்கல்ல, ஒரு வாடை இல்ல. வாங்கின பெண்ணே அதிசயப்பட்டு நின்னா."

அவர் முகத்தில் எவ்வளவு நிம்மதி. எனக்கும்தான். இந்த வீட்டில் எனக்காக ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்தது இவர் ஒருவர்.

அப்புறம் சஜினிடம் கேட்டார். "எந்த மூலையில வச்சிய?"

"கிழக்கு மதிலுக்க பக்கம். மண்ணு நனஞ்சு கெடந்து. உபதேசியார் ஜெபிச்சாரு. நாலு பேரு தான்."

மாமா தலையை ஆட்டினார். பேத்தியை அவர் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.


ஜூன் 12, வியாழன்

பால் வந்துவிட்டது.

யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. போன தடவை இவ்வளவு இல்லை. இரண்டு பக்கமும் கல். நைட்டி நனைந்து, துண்டு வைத்து, துண்டும் நனைந்து. அடுத்த அறையில் ஒரு குழந்தை அழுதால் இங்கே சுரக்கிறது. அறிவு கெட்ட உடம்பு. ஆள் இல்லை என்று இதற்கு யார் சொல்வது?

டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாமி அதை நம்பவில்லை. பாறசாலையிலிருந்து மல்லிகைப்பூ வாங்கி வரச்சொல்லி, மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டாள். பால் வற்றுமாம். கட்டும்போது விரல் படாமல், வலிக்காமல் கட்டினாள். கை நல்ல கைதான். வாய்தான்...

"நான் அப்பளே சொன்னேன். ஆறு மாசம் ஆனப்பளே ஸ்கூட்டர தொடாண்டாம்னு. கேட்டியா? அந்த உச்சக்கடை ரோடு ஒரு ரோடா? பள்ளத்தில விழுந்து குழியில எழும்பி. வயித்துப்பிள்ள என்னத்துக்கு ஆவும்?"

பூவாசம், பால்வாசம், இந்தப் பேச்சு. கண்ணை மூடிக்கொண்டேன். தூங்குகிறேன் என்று நினைத்து மாமி மூக்கைச் சிந்தி அழுதாள். அவளுக்கும் பேத்திதானே.


ஜூன் 14, சனி

வீட்டுக்கு வந்தாயிற்று. வெயில், உடனே மழை. தொட்டிலுக்கு என்று விட்டத்தில் மாட்டிய கொக்கியை யாரோ கழற்றியிருக்கிறார்கள். நல்லது.

வந்தவர்கள் நிறைய. என் குழந்தை செத்ததற்கு இன்று கிடைத்த காரணங்கள்:

ஸ்கூட்டர் (பெரும்பான்மை).
பலாச்சுளை.
செல்போன்.
பொழியூரில் கடல் தின்ற வீடுகளைப் பார்க்கப் போனது, பார்த்துப் பயந்தது.
ஸ்கூல் பிள்ளைகளைக் கரிச்சுக் கொட்டுகிற நாக்கு. (இது சஜினின் அத்தை. நாக்கு விஷயம் உண்மை. நான் ஏழாம் கிளாஸைத் திட்டாத நாள் உண்டா.)

கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசுகிறார்கள், எனக்குக் காது கேட்காது என்று நினைப்பு.

"ரெண்டாமத்ததும் இப்பிடி ஆச்சுன்னா அவளுக்க தேகத்தில என்னமோ உண்டு."

"தேகத்தில ஒண்ணும் இல்ல. அடங்கி இருந்தா நிக்கும்."

மாமா வெளியே சாக்கு உலர்த்திக்கொண்டிருந்தவர் உள்ளே வந்தார். சத்தம் போடாத மனுஷன். இன்று போட்டார். "வாய மூடுங்க எல்லாரும். மறுபிள்ள சோதனைக்கு போயிருக்கு. எனக்க கையால கொண்டு குடுத்ததாக்கும். ரிப்போர்ட்டு வரட்டும், எல்லாம் தெளியும். அதுவரைக்கும் இந்த பிள்ளைய ஒருத்தரும் ஒண்ணும் சொல்லப்பிடாது."

முகத்தைத் தலையணையில் வைத்துக்கொண்டு அழுதேன். பிறந்த வீட்டில் அப்பா போய்ப் பல வருஷம். எனக்காக ஒருத்தர் சத்தம் போட்டு எவ்வளவு காலமாகிறது.


ஜூன் 16, திங்கள்

ரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்தன. சர்க்கரை இல்லை, தைராய்டு இல்லை, ஒன்றும் இல்லை. டாக்டர் போனில்: "ஸ்கூட்டர் ஓட்டினதால இப்பிடி வராது லிசி. மனசில வச்சுக்காதே. மறுபிள்ளை ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்போம்."

மாமியிடம் அப்படியே சொன்னேன்.

"டாக்டரு வாயால ஆயிரம் சொல்லுவா. எழுதி தரட்டு."

சரி. எழுதித் தருவார்கள். அந்த ஒரு தாளை மாமி கையில் வைத்துவிட்டு இந்த வீட்டில் நிமிர்ந்து நடப்பேன். பிறகு மருந்து. பிறகு... அதையும் நினைத்துவிட்டேன், வெட்கம் கெட்ட மனசு. பத்து நாள்கூட ஆகவில்லை.

ஸ்கூல் ஹெச்.எம். லீவு விண்ணப்பம் கேட்டார். பிரசவ லீவா, மெடிக்கல் லீவா என்று அவருக்குச் சந்தேகம். எனக்கும்.


ஜூன் 17, செவ்வாய்

காற்று. வாழை ஒன்று சாய்ந்தது. பூக்கட்டை அவிழ்த்தேன், பால் குறைந்திருக்கிறது. குறைந்ததற்கும் அழுகை.

மாமா சந்தையிலிருந்து வந்ததும் கேட்பது: "ரிப்போர்ட்டு வந்தா மக்களே?" இன்று சந்தையில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாராம், சஜின் வந்து சொன்னான்: "அது வெறும் கழிவுன்னு நெனச்சுப்போட்டோம் டேய். அதில பிள்ளைக்க சரித்திரமே உண்டாம்." சஜின் சிரித்தான். நானும் கொஞ்சம் சிரித்தேன். சிரிப்பு வந்தது எனக்கே ஆச்சரியம்.


ஜூன் 19, வியாழன்

லேபிலிருந்து போன். டாக்டரம்மா ஒருத்தர், சின்ன வயசுக் குரல். நெய்யாற்றின்கரை டாக்டரிடம் பேசிவிட்டாராம், என்னிடமும் நேராகச் சொல்ல நினைத்தாராம்.

"மறுபிள்ளையை எப்படிக் கொண்டுவந்தீங்க?"

சொன்னேன். ஐஸ் பெட்டி. பொடி ஐஸ். கல்லுப்பு. சொல்லும்போது பெருமையாகத்தான் சொன்னேன், பாவி.

கல்லுப்பா என்று திரும்பக் கேட்டார். பிறகு: "அது உறைஞ்சு போச்சு. உப்பு சேர்ந்தா ஐஸ் இன்னும் குளிரும் இல்லையா, உள்ளே நடுவரைக்கும் கட்டை. உள்ளே இருக்கிற நீர் உறையும்போது ஒவ்வொரு செல்லும் வெடிச்சிடும். உருகின பிறகு மைக்ராஸ்கோப்பில வச்சா எல்லாம் கலங்கிக் கிடக்கு. மூணு தடவை வெட்டிப் பார்த்துட்டேன்."

"அப்போ ஒண்ணும் தெரியாதா?"

"மறுபிள்ளை சின்னதா இருக்கு. தொப்புள்கொடி நடுவில இல்லாம ஓரத்தில ஒட்டியிருக்கு. அது காரணமா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதுக்கு மேல கருத்துச் சொல்ல முடியாதுன்னுதான் எழுதணும்."

"குளிர்ச்சியா வைக்கத்தானே சொன்னாங்க."

"குளிர்ச்சி வேற, உறையுறது வேற. தின்னக்கூடியதுன்னா உறைஞ்சா நல்லது. இது நாங்க படிக்க வேண்டியது. யாரு பேக் பண்ணினாங்க?"

"ஹர்த்தால்" என்றேன். வேறு என்ன சொல்வது.

போனை வைத்துவிட்டு வாஷிங் மெஷினிலிருந்து துணிகளை எடுத்துக் கொடியில் போட்டேன். எல்லாவற்றுக்கும் கிளிப் போட்டேன். அப்புறம் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு வாயில் துண்டை வைத்துக் கத்தினேன்.

மாமா வந்தார். "ரிப்போர்ட்டு வந்தா மக்களே?"

"இல்ல மாமா."


ஜூன் 20, வெள்ளி

சஜினிடம் சொன்னேன். அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். "அப்பாட்ட சொல்லாண்டாம் லிசி."

"சரி. உங்க அம்மாட்ட?"

"அம்மாக்கு தெரிஞ்சா அப்பாவ உயிரோட விடுவாளா? ஊரு முழுக்க சொல்லி நாறடிப்பா. அந்த மனுசன் அடக்கத்துக்கே வரல்ல, அந்த பெட்டிக்க கூட கெடந்தாரு."

"அப்போ நான்? வாழ்நாள் முழுக்க பிள்ளையக் கொன்னவ, ஸ்கூட்டர்ல பிள்ளையக் கொன்னவ, அதுவா நான்?"

"அப்பிடி ஆரு சொன்னா?"

ஆரு சொன்னாவாம்! இவனுக்கு மட்டும் வேறு வீடா? நன்றாகத் திட்டினேன். கடைசியில் சொன்னான்: "உனக்க இஷ்டம். நீ என்ன சொன்னாலும் நான் கூட நிப்பேன்." கூட நிற்பானாம். முடிவை என் தலையில் கட்டிவிட்டுக் கூட நிற்கிற ஆள்.

ஆனால் அவன் பயம் பொய்யில்லை.


ஜூன் 21, சனி

நெய்யாற்றின்கரை, டாக்டர். பஸ்ஸில் போனேன், சஜின் கூட. தூறல்.

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஐஸ் நேராகப் படக்கூடாது என்று சொல்லவில்லையா?" அவள், "தணுப்புன்னுதான் பறஞ்ஞது மேடம்" என்று கண் கலங்கினாள். சின்னப் பெண். டாக்டரும், தானே கூட நின்று பார்த்திருக்கவேண்டும் என்றார். ஆக நர்ஸ் சொன்னது சரி, மாமா செய்ததும் அவர் அறிவுக்குச் சரி, லேபும் சரி. யார் மேலும் குற்றம் இல்லை. எவ்வளவு கேவலமான பதில். கோபப்படக்கூட ஆள் கிடைக்கவில்லை.

அடுத்த தடவை ஆரம்பத்திலிருந்தே ஆஸ்பிரின் தரலாம், ஸ்கேன் அடிக்கடி எடுக்கலாம் என்றார். "ரத்தம் கட்டாம இருக்க ஊசி வேணுமான்னு சொல்லணும்னா காரணம் தெரியணும் லிசி. இப்போ கண்ணைக் கட்டிக்கிட்டுத் தேடுற மாதிரிதான்." நேர்மையான பொம்பளை. நேர்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தது. மாமியிடம் "ரிப்போர்ட் தெளிவில்லை" என்று மட்டும் சொன்னால்? ஏன் தெளிவில்லை என்று கேட்பாள். லேபுக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள் என்றால்? மாமா அடுத்த நாளே கூட்ஸ் ஆட்டோவை எடுத்துக்கொண்டு லேப் வாசலில் போய்ச் சண்டைக்கு நிற்பார். அவர்கள் சொல்லிவிடுவார்கள். ஹர்த்தால்மேல் போட்டால்? "ஹர்த்தாலுக்க அண்ணைக்கு கெடாம நான் கொண்டுபோனேனே" என்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஐஸ் பெட்டிதான்.

உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன? சொல்லிவிடு. சொல்லிவிடு. பாறசாலை வரும்வரை இதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.


ஜூன் 22, ஞாயிறு

மழை இல்லை. வெயில் அடித்துப் புழுங்கியது. நான் சபைக்குப் போகவில்லை. அவர்கள் போய்விட்டு வந்தார்கள். மரச்சீனிக் கிழங்கு, மீன்கறி.

சாப்பிட உட்கார்ந்ததும் மாமா ஆரம்பித்தார். சபையில் எனக்காக ஜெபித்தார்களாம். வெளியே வந்ததும் அத்தை ஏதோ சொல்லியிருக்கிறாள், ஸ்கூட்டர் பேச்சுதான். மாமா அவளிடம், "ரிப்போர்ட்டு வந்தா உனக்க வீட்டுக்கே கொண்டுவந்து வாசிச்சு காட்டுவேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். சொல்லும்போதே கழுத்து நரம்பு புடைத்தது. "எத்தர நாளாச்சு. நாளைக்கு நானே போய் கேக்கப் போறேன் மக்களே. மீனா இருந்தா இந்நேரம் வித்து தீத்துருப்பேன்."

நாளைக்கு நானே போகிறேன். போனால் லேபிலேயே சொல்லிவிடுவார்கள்.

"போவாண்டாம் மாமா. நேத்து டாக்டர் சொல்லியாச்சு."

எல்லாரும் நிமிர்ந்தார்கள். சஜினும்.

சொல்லிவிடு என்று வந்தவள்தான். வாய் வரை இருந்தது. அவர் பிளேட்டைத் தள்ளிவைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்து, கிளாஸில் மார்க் வாசிக்கக் காத்திருக்கிற பிள்ளையைப் போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுபிள்ளையில ஒரு குறையும் இல்லியாம் மாமா. நல்லா இருந்துதாம். நீங்க கொண்டுபோனதும் நல்லா கொண்டுபோனியளாம்."

மாமி கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள். நான் ஜெயித்தேன் என்று குதிப்பாள் என்று நினைத்தேன். குதிக்கவில்லை. "அப்பம் ஸ்கூட்டரு தான்" என்று மெதுவாகச் சொன்னாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கூட நிற்கிறேன் என்ற சஜின் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான்.

மாமா தரையைப் பார்த்தார். இத்தனை நாள் எனக்காக ஊரோடு சண்டை போட்டவர். அவர் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கிப்போனது, கண்ணால் பார்த்தேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

எழுந்து கை கழுவிவிட்டு வந்தார். என் தலைமேல் கை வைத்தார். ஈரக் கை.

"சாரமில்ல மக்களே. நீ அறிஞ்சோண்டு செய்ததில்லல்லா. பிள்ளைக்கு நல்லது வரணும்னு நெனச்சு ஸ்கூட்டர்ல சோலிக்கு ஓடினவளாக்கும் நீ. அறியாம செய்த தப்புக்கு ஆரு உன்ன குற்றம் சொல்லுவா? நான் உண்டு. நீ வெசனப்படாதே."

"சரி மாமா" என்றேன்.